கன்னியர் மடத்தில் ஒரு சூதாட்ட மாளிகை

நெதர்லாந்து நாட்டின் தென்பகுதியில் பிரேடா என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அந்நகரின் நடுவே, செங்கல்லால் எழுந்த ஒரு நீண்ட கட்டடத்தைக் காணலாம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்பர்ட் சபைக் கன்னியர்களுக்காக எழுப்பப்பட்ட புனித கத்தரீனா மடம் அது. 1637-இல் நகரம் புராட்டஸ்டண்டு ஆட்சியினரின் கைக்கு மாறிற்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1647-இல், கன்னியர்கள் அதைவிட்டு அருகிலுள்ள ஊஸ்டர்ஹவுட் என்னும் ஊருக்குச் சென்றனர். பிற்காலத்தில் கட்டடம் படைவீரர் குடியிருப்பாயிற்று. 2003 முதல் அது சூதாட்ட மாளிகை. மாலை மன்றாட்டு ஒலித்த இடத்தில் இன்று சக்கரம் சுழல்கிறது. ஊரைவிட்டுப் போன கன்னியர்களின் வழிவந்த சகோதரிகளோ ஊஸ்டர்ஹவுட்டில் இன்றும் மன்றாடி வாழ்கின்றனர். அண்மை ஆண்டுகளில் திராட்சைத் தோட்டம் அமைத்து இரசமும் தயாரிக்கின்றனர்.

இம்மாளிகை தனியார் எவருக்கும் உரியதன்று. உரிமையாளர் நெதர்லாந்து அரசே. வாசகர்கள் வியப்படையக் கூடும்; ஆயினும் இதன் வரலாறு அறிதற்குரியது. 1964-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் காசினோக்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பின்னர் 1974-இல் சட்டத்தைத் திருத்தி, ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிமம் வழங்கத் தீர்மானித்தனர். "மக்கள் எப்படியும் ஆடத்தான் போகின்றனர், மறைவிடங்களில் ஏமாற்றுக்காரர்களிடம் ஆடுவதைவிட, அரசின் கண்முன்னே, ஒழுங்குக்குட்பட்டு ஆடட்டும்" என்பதே அவர்கள் கூறிய காரணம். ஹாலந்து காசினோ என்னும் அந்நிறுவனம் நெடுங்காலம் ஓர் அறக்கட்டளையாகவே இயங்கி, 2015-இல்தான் அரசின் பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டது. சூதாட்டம் நடத்தும் அறக்கட்டளை என்ற சொற்சேர்க்கையே நம் காதுக்குச் சற்று உறுத்துகிறது.

முதல் மனை 1976 அக்டோபர் 1 அன்று ஸாண்ட்வோர்ட் என்னும் கடற்கரை ஊரில் திறக்கப்பட்டது. தெற்கே மலைப்பாங்கான லிம்பர்க் மாநிலத்தின் வால்கன்பர்க்கும், 1979-இல் ஹேக் நகரை அடுத்த ஸ்கெவனிங்கன் கடற்கரையும் தொடர்ந்தன. மூன்றும் உல்லாசப் பயணிகள் விடுமுறைக்கு வந்து தங்கும் இடங்கள் என்பதைக் கவனியுங்கள். தொடக்க நோக்கம் வெளிப்படை: விடுமுறைக்கு வருவோரின் பொழுதுபோக்காக இது இருக்கட்டும், உள்ளூர்த் தொழிலாளியின் வாசலுக்கு அருகே வேண்டாம். ஆனால் இதே வேளையில் பெருநகரங்களில் உரிமமற்ற மறைவுக் கூடங்கள் பெருகின. 'கோல்டன் டென்' என்னும் பந்து விளையாட்டை நடத்தியோர், "இது அதிர்ஷ்டம் அன்று, திறமை" என்று வழக்காடி, சட்டத்தின் சந்து வழியே நுழைய முயன்றனர். அவர்களை வெல்வதற்கென்றே அரசின் மனையும் நகரத்துக்குள் வந்தது. 1985-இல் ரோட்டர்டாம், 1986-இல் ஆம்ஸ்டர்டாம். பின்னர் பிரேடா, ஐண்ட்ஹோவன், நைமேகன், குரோனிங்கன், என்ஸ்கெடே, யூட்ரெக்ட், வென்லோ, லேவார்டன் என்று எண்ணிக்கை ஏறி, பதினான்கில் வந்து நின்றது.

நாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு செய்தி தானாகவே புலப்படும். வென்லோ ஜெர்மன் எல்லையை ஒட்டியது. என்ஸ்கெடேயும் நைமேகனும் அவ்வாறே ஜெர்மனிக்கு அண்மையானவை. பிரேடா, ஐண்ட்ஹோவன், வால்கன்பர்க் ஆகியவற்றுக்குப் பெல்ஜியத்தினின்று வருவது எளிது. கிழக்கிலும் தெற்கிலும் எல்லையோரமாக ஒரு வரிசையே நிற்கிறது எனலாம். மறுபுறம், ஸீலாந்து, டிரெண்டே, பிளேவோலாந்து ஆகிய மூன்று மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை. ஸீலாந்திலிருந்து வடகிழக்கு நோக்கி நாட்டின் குறுக்கே ஓடும், விவிலியப் பட்டை என்று அவர்களே அழைக்கும் கண்டிப்பான கால்வினியர் வாழும் பகுதியும் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறது. கத்தோலிக்கர் மிகுந்த பிரபாண்ட், லிம்பர்க் மாநிலங்களிலோ ஆளுக்கு இரண்டு. இதற்கு எல்லை அண்மையும் நகரப் பெருக்கமும் காரணங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்; என்றாலும் கத்தோலிக்கராகிய நமக்கு அது பெருமை தரும் கணக்கன்று.

வருகையாளர் எத்தனை பேர்? பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ அறுபது லட்சம் வருகைகள் பதிவாயின. ஒன்றே முக்கால் கோடி மக்கள் வாழும் நாட்டில் இது சிறு தொகையன்று. பதினான்கு மனைகளுக்கும் முந்நூற்று அறுபத்தைந்து நாள்களுக்கும் வகுத்தால், ஒரு மனைக்கு ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்று வருகிறது. ஆனால் வருகை வேறு, மனிதர் வேறு. ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாள் கொண்டாட நண்பர்களுடன் வந்து, சிறுதொகை வைத்து ஆடிவிட்டுப் போகிறவரும் உண்டு. வாரத்துக்கு நான்கு நாள் தனியே வந்து, இயந்திரத்தின் முன் கல்லாய் அமர்ந்திருப்பவரும் உண்டு. கணக்கேட்டில் முன்னவர் ஒன்று, பின்னவர் இருநூறு. அறுபது லட்சத்துள் அந்த இருநூறுகள் எத்தனை என்பதே கேள்வி.

இக்கேள்வியை அந்நாட்டார் அறவே மறந்துவிடவில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். வாயிலில் அடையாளச் சீட்டைக் காட்டாமல் எவரும் உட்செல்ல இயலாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு வருகையும் குறிக்கப்படுகிறது. ஒருவரின் வருகை திடீரென்று கூடினால், பணியாளர் ஒருவர் அவரைத் தனியே அழைத்து உரையாடுவார். தாமே விரும்பி, மாதத்துக்கு இத்தனை முறைக்கு மேல் என்னை விடாதீர் என்றோ, அறவே விடாதீர் என்றோ எழுதிக் கொடுக்கலாம். தன் வாடிக்கையாளரைத் தானே தடுக்கும் கடை உலகில் அரிது.

ஆனால் மேசைமேல் சுழலும் சக்கரத்துக்கு இரக்கம் தெரியாது. அதில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூச்சியமும், ஆக முப்பத்தேழு குழிகள். ஓர் எண்ணில் ஒரு யூரோ வைத்து வென்றவருக்கு, வைத்த காசையும் சேர்த்து முப்பத்தாறு யூரோ கிடைக்கும். முப்பத்தேழு எண்களிலும் ஒவ்வொரு யூரோ வைத்தாலோ, முப்பத்தேழு கொடுத்து முப்பத்தாறு பெறுவோம். நூற்றுக்கு 2.7 வீதம் மனைக்கு, அவ்வளவுதான். ஒரு சுழற்சியில் இது கொசு கடித்தாற்போல. ஓர் இரவில் நூறு முறை திரும்பத் திரும்ப வைப்பவரிடம், வைத்தவை அனைத்துக்கும் சேர்த்து அவ்வீதம் கழிக்கப்படும்போதுதான் வலி தெரியும். ஏமாற்று எதுவும் தேவையில்லை. கூட்டல் கழித்தலே போதும்.

திருச்சபையின் மறைக்கல்வி, சூதாட்டத்தையும் பந்தயத்தையும் அவற்றின் இயல்பிலேயே நீதிக்கு மாறானவை என்று கூறவில்லை. ஒருவன் தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதை அது பறிக்கும்போதுதான் ஒழுக்கத்துக்கு ஏற்காததாகிறது. அந்த மோகம் மனிதனை அடிமையாக்கும் அபாயமும் உண்டு என எச்சரிக்கிறது. திருவிழாக் காலத்தில் பங்குக் கோவில் நிதிக்காகக் குலுக்கல் சீட்டு விற்கும் நாமும் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது தகும். பத்து ரூபாய்ச் சீட்டால் எந்த அடுப்பும் அணைவதில்லை என்பது உண்மையே. எனினும் சீட்டை விற்ற கை என் கையும்தான்.

உண்மையான சிக்கல் அரசின் நிலையில் இருக்கிறது. காப்பவரும் அவரே, ஆதாயம் பெறுபவரும் அவரே. வருகை குறைந்தால் காவலர் மகிழ வேண்டும், கணக்கர் வருந்த வேண்டும். ஒருவரே இருவராகவும் இருந்தால் என்ன செய்வார்? 2008 ஜூலையில் உணவகங்கள் முதலிய பொது இடங்களில் புகைத்தல் தடை செய்யப்பட்டதும் காசினோ வருவாய்க்கு அடியாயிற்று. பின்னர், பதினான்கில் நான்கைப் பிரித்து விற்று, எஞ்சியதையும் தனியாருக்குக் கொடுத்துவிடும் சட்ட வரைவு எழுந்தது. நாடாளுமன்றத்தின் கீழவை 2017-இல் அதை ஏற்றது. மேலவையில் போதிய ஆதரவு திரளாமையால் 2019-இல் கைவிடப்பட்டது. 2020 மார்ச் மாதம் தொற்று வந்து கதவுகளையே சாத்திற்று.

2021 அக்டோபர் முதல் நாள், கதவே இல்லாத சூதாட்டத்துக்கு அரசு உரிமம் வழங்கிற்று: இணையவழி ஆட்டம். ஊரும் எல்லையும் இனி என்ன பொருள் தரும்? வென்லோவுக்கு வண்டி ஏற வேண்டியதில்லை, படுக்கையிலிருந்தே ஆடலாம். கடற்கரைக்குச் சென்று, அடையாளம் காட்டி, மேற்சட்டையைக் கழற்றி வைத்து உட்செல்லும் அந்தச் சிறு தாமதமே ஒரு காவலாக இருந்தது என்பது அது நீங்கிய பின்னரே விளங்கிற்று. சூதாட்ட வரியும் 30.5 விழுக்காட்டிலிருந்து 2025-இல் 34.2 ஆகவும், 2026-இல் 37.8 ஆகவும் உயர்த்தப்பட்டது. செலவைச் சுருக்க முற்பட்ட நிறுவனம், தான் பிறந்த ஸாண்ட்வோர்ட் மனையையே 2025-இல் மூடிவிட்டது.

இணையவழி ஆட்டம் திறந்த அதே நாளில் இன்னொன்றும் நடைமுறைக்கு வந்தது. தம் பெயரைப் பதிந்துகொண்டால் நாட்டின் எல்லாக் காசினோக்களும், இயந்திரக் கூடங்களும், உரிமம் பெற்ற இணைய ஆட்டங்களும் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருவரை ஏற்க மறுக்கும் ஒரு தேசியப் பதிவேடு அது. பல்லாயிரம் பேர் பதிந்துள்ளனர். தாமே பதியாதவருக்காக அவருடைய மனைவியோ, கணவரோ, பெற்றோரோ மேற்பார்வை ஆணையத்துக்கு விண்ணப்பிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆணையம் அவரிடமும் விளக்கம் கேட்ட பின்னரே முடிவு செய்யும். எனவே, விண்ணப்பம் எழுதிய மனைவி, அக்கடிதம் தன் வீட்டு முகவரிக்கே வந்து சேரும் நாளை எதிர்நோக்கி இருக்க வேண்டும்.