வீட்டுக் கருவி யாருடன் பேசுகிறது?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், தமிழக எல்லையைத் தாண்டியதும் தடாவை அடுத்து அமைந்துள்ளது ஸ்ரீ சிட்டி. 2008இல் தொடங்கப்பட்ட இந்தத் தொழில் நகரம் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. டைகின், புளூ ஸ்டார் ஆகிய நிறுவனங்களின் ஏ.சி. ஆலைகள் இங்கே இயங்குகின்றன. கைபேசியிலிருந்து வைஃபை வழியே இயக்கும் வசதி இந்நாளில் பல ஏ.சி.களில் உண்டு. இங்குள்ள ஆலைகளில் ஷிப்டு முறையில் பணிபுரிவோர் தடா, சூலூர்பேட்டை, சத்தியவேடு, கும்மிடிப்பூண்டி எனப் பல ஊர்களில் குடியிருக்கின்றனர். கணவருக்கு இரவுப் பணி, மனைவிக்குப் பகல் பணி என்றால், வீட்டில் தனித்திருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா தேவைப்படுகிறது. அதோடு ஒரு ஸ்மார்ட் பிளக், தொலைக்காட்சியுடன் இணைக்க மலிவு விலையில் ஒரு டிவி பாக்ஸ் என இணையத்துடன் இணைந்த கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

அத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மாதம் முழுவதும் போதுமாக இருந்த இணைய அளவு திடீரென 20ஆம் தேதியே தீர்ந்துவிடுகிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று கேட்டுப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எல்லோரும் உறங்கும் நேரத்திலும் ரவுட்டரின் விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. அதே வைஃபையில்தான் வங்கிச் செயலியும் இயங்குகிறது என்பதால் அச்சம் எழுவது இயல்பே.

முதலில் அச்சத்தின் ஒரு பகுதியைக் களைந்துவிடலாம். இணையக் கருவி எதுவும் முற்றிலும் மௌனமாக இருப்பதில்லை. ‘நான் இயங்குகிறேன்’ என்று தன் நிறுவனத்தின் கணினிக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது சிறு செய்தி அனுப்பும், நேரத்தைச் சரிபார்க்கும், புதிய மென்பொருள் வந்துள்ளதா எனக் கேட்கும். இவையனைத்தும் மிகச் சிறிய அளவிலான போக்குவரத்தே. இதைத் தடுத்தால் சில கருவிகள் அடங்குவதற்குப் பதிலாக, பதில் கிடைக்கும்வரை மேலும் வேகமாகக் கேட்கத் தொடங்கும். 2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதுவே நிகழ்ந்தது. நெட்கியர் நிறுவனத்தின் சில ரவுட்டர் வகைகளில் அப்பல்கலைக்கழகத்தின் நேரக் கணினியின் முகவரி மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்டிருந்தது. பதில் வராவிட்டால் நொடிக்கு ஒருமுறை கேட்குமாறும் அவை அமைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 7 லட்சம் ரவுட்டர்களைப் பற்றிய சிக்கல் இது. நொடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள் வந்து குவிந்ததைப் பல்கலைக்கழகத்தினர் முதலில் தாக்குதல் என்றே எண்ணினர். அதில் குற்றவாளி எவரும் இல்லை. வடிவமைப்பில் நேர்ந்த பிழைதான் இருந்தது. எனவே, ரவுட்டர் பதிவேட்டில் ஒரு கருவியின் பெயர் ஆயிரம் முறை தென்படுவதை மட்டும் வைத்து அதைக் குற்றம் சாட்டிவிட வேண்டாம்.

எத்தனை முறை பேசுகிறது என்பதைவிட எவ்வளவு அனுப்புகிறது என்பதே முக்கியம். நொடிக்கு ஒரு மெகாபிட் என்னும் சாதாரண வேகத்தில் ஒரு கருவி இடைவிடாமல் வெளியே தரவை அனுப்பினால், ஒரு நாளில் 10.8 ஜிபி ஆகிறது. ஒரு மாதத்தில் 300 ஜிபியைக் கடந்துவிடுகிறது. காட்சிகளை நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்பும் கேமராவுக்கு இவ்வளவு ஆவதில் வியப்பில்லை. ஒரு மின்விளக்கோ பிளக்கோ அதில் நூறில் ஒரு பங்கை அனுப்பினாலும் சந்தேகத்துக்கு இடமுண்டு.

கண்டறியும் வழி கடினமானதன்று; பொறுமை மட்டும் வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) அல்லது இணையச் சேவை நிறுவனத்தின் செயலியைத் திறந்தால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் கிடைக்கும். அதில் உள்ள பெயர்கள் பல வேளைகளில் குழப்பமளிக்கும். கருவியின் மேலட்டையில் உள்ள பெயர் அங்கே இருக்காது. உள்ளே உள்ள சிப்பைத் தயாரித்தவரின் பெயரே இருக்கும். கருவிகளை ஒவ்வொன்றாக மின்சாரத்திலிருந்து துண்டித்து, பட்டியலில் எது மறைகிறது எனக் குறித்துக்கொண்டால் எது எது என்பது விளங்கிவிடும். எதைத் துண்டித்தாலும் மறையாத பெயர் ஒன்று எஞ்சினால், வைஃபை கடவுச்சொல் வெளியாள் ஒருவரிடம் இருக்கக்கூடும்.

அதன்பின் இரவுச் சோதனை. கைபேசிகள், கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றை வைஃபையிலிருந்து விலக்கிவிட்டு, படுக்கச் செல்லும்போது இணையப் பயன்பாட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் மீண்டும் பாருங்கள். அளவு பெரிதும் கூடியிருந்தால் அடுத்த இரவு ஒரு கருவியை நிறுத்தி வையுங்கள். அதற்கடுத்த இரவு இன்னொன்றை. மூன்று நான்கு இரவுகளில் விடை கிடைத்துவிடும். ரவுட்டரே கருவிவாரியாகக் கணக்குக் காட்டுமானால் இந்தப் பாடு தேவையில்லை. குறைந்த விலை ரவுட்டர்களில் அவ்வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

கேமராவே காரணம் எனத் தெரியவந்தால், கடவுச்சொல்லை முதலில் ஐயுறுங்கள். 2016இல் உலகை உலுக்கிய ‘மிராய்’ என்னும் தீநிரல் செய்ததெல்லாம் ஆலையில் வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததே. அவ்வாறு வசப்படுத்தப்பட்ட கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் ரவுட்டர்களும் 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். அணைத்து இயக்கினால் நீங்கிவிடும். எனினும் பழைய கடவுச்சொல்லுடன் மீண்டும் இணைத்தால் சில நிமிடங்களிலேயே திரும்பி வந்துவிடக்கூடும். ஆகவே வரிசை முக்கியம்: வெளி இணைப்பைத் துண்டித்து, கருவியை அணைத்து இயக்கி, கடவுச்சொல்லை மாற்றி, அதன் பிறகே இணைக்க வேண்டும். இணைத்தவுடன் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் அரசு விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் வாங்கிய கேமராவுக்கு வீட்டாரின் கவனமே காவல்.

மலிவு விலை டிவி பாக்ஸின் கதை வேறு. எல்லாச் சேனல்களும் இலவசம் என்று விற்கப்படும் பெயர் தெரியாத பெட்டிகள் சிலவற்றில், வாங்கும்போதே தீநிரல் உள்ளே இருக்கிறது. ‘பேட்பாக்ஸ் 2.0’ எனப்படும் இதைக் குறித்து அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் கூகுள் நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பாதிக்கப்பட்டுள்ளதாகத் தெரிவித்தது. இத்தகைய பெட்டி வீட்டின் இணைய இணைப்பை வெளியாருக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறது. மோசடி செய்வோர் எங்கோ அமர்ந்து செய்யும் செயலுக்கு அந்த வீட்டின் இணைய முகவரி பதிவாகிறது. ‘நீங்கள் மனிதர்தானா?’ என்ற கேள்வி ஓயாமல் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கூகுள் பிளேயின் பாதுகாப்பை அணைக்கச் சொல்வதும், அறியாத செயலிக் கடை முன்கூட்டியே நிறுவப்பட்டிருப்பதும் இதன் அடையாளங்கள். கடவுச்சொல் மாற்றமோ ஆலை அமைப்புக்குத் திருப்புவதோ இதற்குத் தீர்வாகாது. கொடுத்த பணத்தை நினைத்து மனம் வராதுதான்; ஆயினும் பெட்டியை அகற்றிவிடுவதையே நாங்கள் பரிந்துரைப்போம்.

இனி வங்கிக் கணக்குக்கு வருவோம். வங்கிச் செயலிக்கும் வங்கிக்கும் இடையே செல்லும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டது. ஆதலால் அதே வைஃபையில் உள்ள கேமரா ஒன்று கடந்து செல்லும் ரகசிய எண்ணை வெறுமனே படித்துவிட முடியாது. ஆபத்து வேறு வழிகளில் வருகிறது. ரவுட்டரே வசப்பட்டுவிட்டால், வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும் போலிப் பக்கத்துக்கு அது திருப்பிவிடக்கூடும். 2018இல் பிரேசிலை மையமாகக் கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் டிஎன்எஸ் அமைப்பு இவ்வாறு மாற்றப்பட்டு, வங்கி வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் குறிவைக்கப்பட்டன. உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும்போது ‘தொடர்க’ என்பதை அழுத்தாதிருப்பது இதற்காகவே. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. அதை மாற்றாதவர்கள் இன்றே மாற்றிவிடலாம்.

மற்றொரு வழி இன்னும் எளியது. கேமரா செயலியில் பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும், வங்கி அறிவிப்புகள் வந்து சேரும் மின்னஞ்சலுக்கும் அவையேயானால், ஒன்று கசிந்தால் மற்றொன்றும் திறந்துவிடும்.

சந்தேகம் தீரும்வரை பணப் பரிவர்த்தனைகளைக் கைபேசியின் மொபைல் டேட்டாவிலேயே செய்யுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட்’ எனப்படும் விருந்தினர் வைஃபை வசதி உண்டு. கேமரா, ஏ.சி., பிளக் அனைத்தையும் அதில் இணைத்துவிட்டு, கைபேசிகளையும் கணினியையும் மட்டும் முதன்மை வைஃபையில் வைத்துக்கொள்ளலாம். முற்றத்தில் நிற்பவரை உள்ளறைக்கு விடாதிருப்பது போன்ற ஏற்பாடு இது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, தீநிரல்களை நீக்கும் இலவசக் கருவிகளை வழங்கி வருகிறது.

கணக்கிலிருந்து அனுமதியின்றிப் பணம் சென்றிருந்தால், எந்தக் கருவி காரணம் என்று ஆராய்ந்துகொண்டிராமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாது வேறிடத்தில் இருந்து, அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை கூறியது. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்படும் என்றது அச்சுற்றறிக்கை. ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்திருந்தால், புகார் தரும்வரை நேரும் இழப்பு வாடிக்கையாளரைச் சேரும் என்றும் அது கூறியது.

வாடகை வீடுகளில் குடியிருப்போருக்கு ஒரு சொல். தொழில் நகரங்களில் குடிவருவோரும் குடிபெயர்வோரும் ஏராளம். முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற கேமராவும் ரவுட்டரும் அவருடைய கைபேசியில் இன்னமும் இணைந்திருக்கலாம். சாவி கைக்கு வந்ததும் அவற்றை ஆலை அமைப்புக்குத் திருப்பிப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் கணக்கையும் அவற்றிலிருந்து நீக்கிவிட்டுச் செல்லுங்கள்.