சத்தம் பிறப்பது இறக்கை நுனியில்

கல்யாண மண்டப வாசலிலும் கோயில் திருவிழாவிலும் கேமரா ட்ரோன் பறப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதன் இரைச்சலைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் மோட்டாரைத்தான் குறை சொல்கிறார்கள். மோட்டாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆனால் புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு அதே மோட்டார்களைச் சுழலவிட்டால் கேட்பது மெல்லிய ரீங்காரம்தான். காதைக் குடையும் சத்தம் பிறப்பது காற்றை வெட்டும் இறக்கைகளில், அதிலும் அவற்றின் நுனிப் பகுதியில். ஆகவே ட்ரோனை அமைதியாக்க விரும்புகிறவர் முதலில் அந்த நுனியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு, மிச்சமிருக்கும் ஒலியின் தன்மையை மாற்ற வேண்டும். விளம்பரங்களில் வரும் டெசிபெல் கணக்கு இந்த இரண்டாவது விஷயத்தைத் தொடுவதே இல்லை.

21 செ.மீ. விட்டமுள்ள ஒரு புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 5,000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. ஒலித்திறன் இந்த வேகத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறி இறங்குவதால், வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதே எடையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சுழல வேண்டுமென்றால் இறக்கை நீளமாக வேண்டும். அறை முழுக்கக் காற்று வீசும் சீலிங் ஃபேன் சத்தமில்லாமல் சுழல்வதும், கணினிக்குள் இருக்கும் உள்ளங்கையளவு விசிறி சீறுவதும் இதே காரணத்தால்தான். டிஜேஐ நிறுவனத்தின் இரண்டு ட்ரோன்களை அருகருகே வைத்தால் இது கண்ணுக்கே தெரியும். 2020-இல் வந்த மினி 2, 2022-இல் வந்த மினி 3 புரோ, இரண்டுமே 249 கிராம். முன்னதன் புரொப்பெல்லர் விட்டம் 4.7 அங்குலம், பின்னதில் 6 அங்குலம். இறக்கையின் வடிவம் ஒன்றே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பெரிய புரொப்பெல்லர் பழைய வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு சுழன்றாலே அந்த எடையைத் தாங்கிவிடும். நுனி வேகமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். நீண்ட இறக்கை சட்டென்று வேகம் மாறாது, காற்று அடித்தால் ட்ரோன் தடுமாறும், மடித்துப் பையில் வைக்க முடியாது என்று ஆட்சேபம் எழலாம். எல்லை கடந்த நீளத்துக்கு அது உண்மை. ஆனால் மினி 3 புரோ மடிந்து பைக்குள் போகிறது, நிலையாகப் படம் எடுக்கிறது, பறக்கும் நேரமும் 31 நிமிடத்திலிருந்து 34 ஆகியிருக்கிறது. அதன் பேட்டரி சற்றுப் பெரியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம் என்பது பழைய பாடம்.

ஒலியின் தன்மைக்கு வருவோம். இரண்டு இறக்கை கொண்ட புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும்போது நொடிக்கு 167 முறை காற்றை அடிக்கிறது. அந்த அடிப்படைச் சுருதியின் மடங்குகளும் கூடவே எழுகின்றன. நம் காதுக்குக் கூர்மை அதிகமான 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி வரை அவற்றின் அடுக்கு ஏறுகிறது. போதாததற்கு நான்கு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. ட்ரோனைச் சமநிலையில் நிறுத்த ஒவ்வொன்றின் வேகமும் கணந்தோறும் மாறுகிறது. சுருதிகள் ஒன்றோடொன்று உரசி, ஏறி இறங்கும் அந்த ரீங்காரம் உண்டாகிறது. மனம் அதற்குப் பழகிக்கொள்வதே இல்லை. நாசாவின் லேங்லி ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட முதற்கட்ட ஆய்வில், சிறிய ட்ரோன்களின் ஒலியையும் சாலை வாகனங்களின் ஒலியையும் கேட்டவர்கள், ஒரே அளவு சத்தமாக இருந்தும் ட்ரோனையே அதிகத் தொல்லை என்று மதிப்பிட்டார்கள். டெசிபெல் மீட்டர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஆண்டு வந்த டிஜேஐயின் மேவிக் புரோ பிளாட்டினம் ட்ரோனில் இறக்கையின் வடிவமும், மோட்டாருக்கு மின்னோட்டத்தைச் சீரான அலையாகக் கொடுக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றும் புதியவை. இரைச்சல் 4 டெசிபெல் குறைந்தது, அதாவது 60 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஒலித்திறன் கணக்கில் அது சரி. காதில் விழுவது ஏறத்தாழக் கால்பங்கு குறைவுதான். அதுவும் நல்ல முன்னேற்றமே. எண்ணைப் பார்த்துப் பாதிக்கு மேல் அடங்கிவிடும் என்று நம்பி வாங்கியவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

வளையம்போல் மூடிய இறக்கை பற்றிய செய்திகளும் வந்தன. எம்ஐடி லிங்கன் ஆய்வகம் உருவாக்கிய அந்த வடிவம் நுனியையே இல்லாமல் செய்துவிடுகிறது. நுனியில் சுருளும் காற்றுச் சுழல்கள் பலவீனமாகின்றன. யோசனை அருமையானது. ஆனால் அதை வார்ப்பதும், மடிக்கும்படி அமைப்பதும், எடையைச் சமன் செய்வதும் எளிதல்ல. இறக்கையைச் சுற்றி மாட்டும் பாதுகாப்புக் கூண்டு சத்தத்தைத் தடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் மட்டுமே அதில் பலன் கிடைக்கும். கடையில் கிடைக்கும் கூண்டு எடையைக் கூட்டுகிறது, எடை கூடினால் மோட்டார் வேகமாகச் சுழல்கிறது, கூண்டின் கம்பிகளில் காற்று மோதிப் புதுச் சத்தமும் சேர்கிறது.

சத்தமில்லாத ட்ரோன் வேவு பார்க்க வசதியாகிவிடாதா என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் இரைச்சல் நம்பகமான காவல்காரன் அல்ல; சந்தடி மிகுந்த தெருவில் நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சின்ன ட்ரோன் இப்போதே யார் காதிலும் விழுவதில்லை. அந்தரங்கத்தைக் காப்பது பதிவு, மின்னணு அடையாளம், தண்டனை ஆகியவற்றின் வேலை. இரைச்சலுக்குக் கொடுக்கும் விலையோ பெரிது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்பு மானி பொருத்தி ட்ரோன் பறக்கவிட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. பெரும்பாலான கரடிகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, ஆனால் துடிப்பு எகிறியது. ஒன்றுக்கு நிமிடத்துக்கு 123 துடிப்புகள் கூடின. சத்தத்தால் எவ்வளவு, பார்த்த மிரட்சியால் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்தான். ஆனாலும் யாரும் முறையிடவில்லை என்பதால் தொந்தரவே இல்லை என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

பறக்கவிடுபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உடனே செய்யக்கூடியது. இறக்கையின் முன் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டும் சிறு வெட்டு, நுனியில் லேசான வளைவு, கீல் அருகே வெண்மையாக வெளுத்த கோடு, இதில் எது இருந்தாலும் அந்த மோட்டாரின் இரு இறக்கைகளையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமனாகாமல் அதிர்வு வரும். 30 மீட்டரில் பறப்பதை 60 மீட்டருக்கு ஏற்றினால் நேர் கீழே இருப்பவருக்கு 6 டெசிபெல் குறையும். எந்த விலையுயர்ந்த இறக்கையும் இவ்வளவு தருவது அபூர்வம்.

மற்றது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த விதி, 900 கிராமுக்குட்பட்ட சி1 வகை ட்ரோன்களுக்கு முதலில் 85 டெசிபெல் ஒலித்திறன் என்று வரம்பு வைத்துப் பிறகு படிப்படியாக இறுக்கியது. அளவை ட்ரோன்மேல் குறிக்கவும் சொன்னது. 250 கிராமுக்குக் குறைந்த சி0 வகைக்கு அந்த வரம்பு இல்லை. ஜன்னலோரத்திலும் கடற்கரையிலும் மக்கள் தலைக்கு மிக அருகே பறப்பவை இந்தச் சிறியவைதான். வரம்பை இவற்றுக்கும் நீட்ட வேண்டும். கூடவே புரொப்பெல்லரின் விட்டத்தையும், ஒரே இடத்தில் நின்று பறக்கையில் அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதையும் பெட்டியின்மேல் அச்சிடச் சொல்லலாம். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் நுனி வேகத்தை வாங்குபவரே கணக்கிட்டு, இரண்டு ட்ரோன்களில் எது அமைதியானது என்று கடையிலேயே ஊகித்துவிடுவார்.