பழைய கேஸ் உலை வாங்கப் போகிறீர்களா?

பெங்களூர் பீனியா பட்டறைகளில் வேலை பழகி, சொந்தமாகக் கொல்லுப்பட்டறை போட நினைப்பவர்களுக்குக் கைமாறி வரும் கேஸ் உலை மீது ஒரு கண். கரி வேண்டாம், துருத்தி வேண்டாம்! ஆனால் புது பெயிண்டைப் பார்த்துப் பணத்தை நீட்டிவிடாதீர்கள்.

உள்ளே பாருங்கள். சுவரில் இருக்கும் வெள்ளைப் பஞ்சு, செராமிக் இழை. அது பிய்ந்து தொங்கினால் தூசு நுரையீரலுக்குக் கேடு, கிள்ளிப் பார்க்காதீர்கள். அடியில் கண்ணாடிபோல் உருகிய குழி தெரிந்தால், வெங்காரம் போட்டு இரும்பு ஒட்டிய உலை அது. வெங்காரம் பஞ்சைத் தின்றுவிடும். பஞ்சு மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. கசிவு இல்லையென்றால் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'சிலிண்டர் இல்லையே' என்று மழுப்பினால் நடையைக் கட்டுங்கள். தீ சீராக எரிய வேண்டும். பர்னருக்குள் பின்வாங்கி 'டப்'பென்று வெடிக்கக் கூடாது.

ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாகவே வாங்குங்கள். வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தம் உலைக்குப் போதாது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பதோ சட்ட விரோதம்; 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வேண்டும்.

குடியிருக்கும் ஒற்றை அறையிலேயே உலையை வைக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால், பிள்ளைகள் படுத்திருக்கும் தரையோடுதான் படியும். உலையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கூரை மட்டும் உள்ள திறந்த தாழ்வாரம் போதும்.