அப்டேட் பட்டனை அழுத்திய பிறகு தளம் ஏன் ஆமையானது?

இன்றைக்கு நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எங்க அக்கா வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறாங்க. ஆர்டர் எல்லாம் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் வைத்து நான் கட்டிக்கொடுத்த தளத்தில்தான் வரும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ரெண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட அப்டேட்டைச் செய்தேன். பேக்கப் எடுத்துக்கொண்டேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

சனிக்கிழமை காலையில் அக்கா போன். "டேய், ஒரு ஈடு முறுக்கே சுட்டு எடுத்துடலாம் போல, உன் பக்கம் திறக்க மாட்டேங்குது!" அளந்து பார்த்தால் ஒன்பது விநாடி.

உடனே ஹோஸ்டிங் மேல்தான் சந்தேகம் வரும். நானும் பெரிய பிளான் வாங்க கார்டைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன்.

தாமதம் எந்தப் பக்கம்?

க்ரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறங்க. அட்மினாக லாகின் செய்திருந்தால் பெரும்பாலான கேச் பிளக்இன்கள் உங்களுக்குச் சேமித்த பக்கத்தைத் தராது. அதாவது வாடிக்கையாளர் பார்க்கிற வேகம் வேற, நீங்க பார்க்கிற வேகம் வேற. பிறகு டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கத்தை ரீலோட் செய்து, முதல் வரியைப் பாருங்க. சர்வர் பதில் அனுப்பத் தொடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று அதில் தெரியும். அது 0.8 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது கூகுளின் வழிகாட்டி. எனக்கு நாலு விநாடி. மீதி ஐந்து விநாடி, பதில் வந்த பிறகு பிரவுசரில் போனது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

கேச் மறைத்த பூசணிக்காய்

முதலில் சர்வர். அப்டேட்டுக்கு முன்னால் பிளக்இன்களை எல்லாம் அணைத்திருந்தேன். திரும்பப் போடும்போது கேச் பிளக்இன்னை மட்டும் மறந்துவிட்டேன். கேச் இல்லையென்றால், வருகிற ஒவ்வொருவருக்கும் பிஎச்பி ஓடி, டேட்டாபேஸைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகச் சமைக்கணும். இருந்தால், ஒருமுறை சமைத்ததையே எல்லோருக்கும் பரிமாறும். அதை இயக்கியதும் முகப்புப் பக்கத்துக்கு அரை விநாடிக்குள் பதில் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

மதியம் அக்கா மறுபடி போன். "பக்கம் வருதுடா. காசு கட்டப் போனா சுத்திக்கிட்டே இருக்கு."

கூடைப் பக்கமும் பணம் கட்டும் பக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அவற்றை கேச் செய்யக் கூடாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்டேட் எதையும் கெடுக்கவில்லை. தளம் ஏற்கெனவே மெதுவாகத்தான் இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி கேச் அதை மறைத்து வைத்திருந்தது.

குப்பையைக் கூட்டியது

வேர்ட்பிரஸின் டூல்ஸ் மெனுவில் சைட் ஹெல்த் என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சில செட்டிங்ஸ் டேட்டாபேஸிலிருந்து தானாக ஏறும். அது சுமார் 800 கேபியைத் தாண்டினால், 2024 ஜூலையில் வந்த 6.6 வெர்ஷனிலிருந்து சைட் ஹெல்த் எச்சரிக்கிறது. எங்களுடையது 3 எம்பி! என்றைக்கோ நீக்கிய பிளக்இன்கள் விட்டுப்போன மிச்சம். மறுபடி பேக்கப் எடுத்து, அவை தானாக ஏறுவதை முதலில் நிறுத்தி, ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்.

அடுத்து குவெரி மானிட்டர் என்ற பிளக்இன்னைப் போட்டுப் பார்த்தேன். கூரியர் கட்டணம் கணக்கிடும் பிளக்இன், ஒரே கேள்வியை டேட்டாபேஸிடம் நூற்றுக்கணக்கான தடவை கேட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் பணம் கட்டும் பக்கம் முக்கால் விநாடியில் பதில் சொன்னது.

அதிரசப் படம்

பிரவுசர் பக்கத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். முகப்பில் இருந்த அதிரசப் படம், அக்கா போனில் எடுத்தது அப்படியே, 4 எம்பி. அகலத்தை 1200 பிக்சலாக்கி, வெப்பி ஃபார்மட்டுக்கு மாற்றியதும் 120 கேபி ஆனது. தீம் அந்தப் படத்துக்கும் லேசி லோடிங் போட்டிருந்தது. கீழே இருக்கிற படங்களுக்கு அது நல்லது; கண்ணில் முதலில் படும் படத்துக்குப் போட்டால் நாமே தாமதம் செய்கிற மாதிரி. அதையும் எடுத்தேன். திரையின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரியணும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. எங்களுக்கு 2.1.

நீங்க அப்டேட் செய்யும் முன் ரெண்டு விஷயம். இப்போதைய வேகத்தை, கேச் இல்லாத பக்கங்களையும் சேர்த்து, அளந்து எழுதி வையுங்க. நேரடித் தளத்தில் கை வைக்காமல், ஒரு நகல் தளத்தில் செய்து பாருங்க. சீசன் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

தீபாவளி ஆர்டர்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை பேர் கூடையை நிரப்பிவிட்டு, காசு கட்டும் பக்கம் சுற்றுவதைப் பார்த்துச் சலித்துப்போய்க் கிளம்பினாங்களோ, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்த எபிசோடைக் கேட்டுத் தெரிந்துகொள்வாங்க.