கர்ப்பத்தில் ஏன் ஒவ்வொரு செக்கப்பிலும் பிபி பார்க்கிறார்கள்?

திருவனந்தபுரம் வலியசாலையில் இருப்பவர் பக்கத்துத் தைக்காடு அரசு மருத்துவமனைக்குப் போனாலும், நீங்கள் சென்னையில் எழும்பூருக்குப் போனாலும், கர்ப்பிணிக்கு பிபி பார்க்காமல் அனுப்ப மாட்டார்கள். 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?' என்று தோன்றலாம். பதில் நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

அப்பாவின் பங்கு

நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி கருவின் செல்களிலிருந்து வளர்வது. அதனால் அப்பாவின் மரபணுக்களும் அதில் வேலை செய்யும். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 மரபணுவில், பொதுவாக அப்பாவிடமிருந்து வந்த பிரதிதான் 'ஆன்'; அம்மாவுடையது 'ஆஃப்'.

எங்கே சிக்கல்?

முதல் மாதங்களில் இந்தச் செல்கள் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து, தாயின் ரத்தக்குழாய்களை அகலமாக்க வேண்டும். அது அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அப்போது அது எஸ்எஃப்எல்டி1 என்ற புரதத்தை அளவுக்கு மீறி தாயின் ரத்தத்தில் கலக்கும். ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டு பிபி ஏறும். இதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. தொடங்குவது முதல் மாதங்களில். வெளியே தெரிவது 20 வாரத்துக்குப் பிறகு. ஆரம்பத்தில் வலியோ தொந்தரவோ இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் அந்த பிபி பட்டை.

கவனிக்க வேண்டியவை

பிபி 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் இருந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். முந்தைய பிரசவத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததா? ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால், 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.