கார்பன் சைக்கிளை காரில் ஏத்துறதுக்கு முன்னாடி

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கோ பூண்டி ஏரிக்கோ சைக்கிள் ஓட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்குப் பிரச்சனை போற இடம் இல்ல, நடுவுல இருக்கிற ரோடு. புழல், செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி வரைக்கும் என்.எச். 16-ல கன்டெய்னர் லாரி, சிப்காட் மில்லுக்கு ஸ்கிராப் ஏத்திட்டுப் போற லாரி, அங்கேயிருந்து கம்பி ஏத்திட்டு வர்ற டிரெய்லர். விடியற்காலை இருட்டுல இதுங்களுக்கு நடுவுல ஓட்டுறது வீரம் இல்ல. அதனால நிறைய பேர் சைக்கிளை காரில் போட்டு, டிராஃபிக்கைத் தாண்டி இறக்கி ஓட்டுறாங்க. நல்ல முடிவுதான். ஆனா சைக்கிள் கார்பன் ஃபைபரா இருந்தா, கார் பயணத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பண்ணணும்.

கார்பன் சைக்கிள் நமக்கு அந்நியமான பொருள் இல்ல. 1949-ல தொடங்கின டிஐ சைக்கிள்ஸ் நம்ம அம்பத்தூர்தான் (2018 வரைக்கும் அது திருவள்ளூர் மாவட்டம்). ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ-ன்னு ஸ்டீல் சைக்கிள் செஞ்ச அதே கம்பெனி, பின்னாடி மான்ட்ரா பெயர்ல கார்பன் ஃப்ரேம் வரைக்கும் வந்தது. அந்த ஸ்டீல் சைக்கிளை வேன் கூரையில கயித்தால இறுக்கிக் கட்டி ஊருக்கு அனுப்பின பழக்கம்தான் நமக்கு இன்னும் கையில இருக்கு. அந்தப் பழக்கம்தான் இங்க ஆபத்து.

ஏன்னு மெட்டீரியல்ஸ் பேப்பர்ல படிச்சதை வெச்சே சொல்லிடலாம். கும்மிடிப்பூண்டி மில்லில் வர்ற எஃப்இ 500 கம்பியோட யீல்ட் ஸ்ட்ரெங்த் குறைஞ்சது 500 மெகாபாஸ்கல். டோரே கம்பெனியோட டி700 கார்பன் நார் கிட்டத்தட்ட 4,900 மெகாபாஸ்கல் வரைக்கும் இழுவையைத் தாங்கும். எடை ஸ்டீல்ல நாலுல ஒரு பங்குக்கும் கம்மி. கேட்க அசத்தலா இருக்கும். ஆனா அந்த நம்பர் தனி நாருக்கு, அதுவும் நார் போற திசையில இழுத்தா மட்டும்தான். ஃப்ரேம்ல இருக்கிறது நார் அடுக்குகளும், அதை ஒட்டி வெச்சிருக்கிற எபாக்ஸி பிசினும். டிசைன் பண்ணவர் பெடல் மிதிக்கிறது, ஹேண்டில் திருப்புறது, ரோட்டு அதிர்வு எல்லாத்துக்கும் கணக்குப் போட்டு எந்த அடுக்கு எந்தக் கோணத்துல போகணும்னு முடிவு பண்ணியிருப்பார். டாப் டியூபை பக்கவாட்டுல யாரோ நசுக்குவாங்கன்னு அவர் கணக்குப் போடல. லேசான ஃப்ரேம்ல அந்தக் குழாயோட சுவர் சில இடத்துல ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்.

ஸ்டீல் அடிபட்டா நெளியும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் நெளியாது. அடி வாங்கினா திரும்பப் பழைய வடிவத்துக்கே வந்துடும், பெயின்ட்கூட அப்படியே இருக்கும், ஆனா உள்ள அடுக்குகள் ஒண்ணைவிட்டு ஒண்ணு பிரிஞ்சிருக்கலாம். விமானத் துறையில இதுக்கு 'பேர்லி விசிபிள் இம்பாக்ட் டேமேஜ்'னு தனிப் பெயரே உண்டு, கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத அடின்னு அர்த்தம். அந்தப் பிரிவு சும்மா நிக்கும்போது ஒண்ணும் பண்ணாது. இறக்கத்துல ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல ஒரு பள்ளம் வரும்போதுதான் பண்ணும்.

ஆக காரில் வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: குழாய் மேல எதாவது அழுத்துதா? வீல், சேடில், ஆக்ஸில் இதெல்லாம் எடையைத் தாங்கலாம். குழாய் தாங்கக் கூடாது.

உள்ளே வைக்கிறதுதான் என் ஓட்டு. சின்ன ஹேட்ச்பேக்லகூட பின் சீட்டை மடக்கி, முன் வீலைக் கழட்டினா பெரும்பாலும் போயிடும். பின் வீலையும் கழட்டணும்னா முதல்ல கியரை ரொம்பச் சின்ன பல்சக்கரத்துக்குக் கொண்டு வாங்க, வேலை சுலபம். செயின் இருக்கிற பக்கம் எப்பவும் மேல. கீழே வெச்சா மொத்த எடையும் கியர் மாத்துற டெரெய்லியர் மேல உக்காரும், அதைப் பிடிச்சிருக்கிற அலுமினிய ஹேங்கர் வளையும், அப்புறம் ஏரிக்கரையில கியர் விழாது. வீல் கழட்டின ஃபோர்க்ல ஆக்ஸிலைத் திரும்ப மாட்டிடுங்க, ரெண்டு காலும் உள்பக்கம் நசுங்காம இருக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்னா பேடுகளுக்கு நடுவுல கொஞ்சம் அட்டையை மடிச்சுச் செருகுங்க. வீல் இல்லாதப்ப யாராவது பிரேக்கைப் பிடிச்சுட்டா பேடு ரெண்டும் ஒட்டிக்கும், பிரிக்கிறது பெரும்பாடு.

குழாய்க்கு உறை தனியா வாங்க வேண்டாம். ஏசி காப்பர் பைப்புக்குப் போடுற கருப்பு ஃபோம் ஹார்டுவேர் கடையில கிடைக்கும், நீளவாக்குல கிழிச்சு மாட்டினா போதும். மாட்டுறதுக்கு முன்னாடி ஃப்ரேமைத் துடைங்க. பழவேற்காட்டு மணல் ஃபோமுக்கு உள்ள மாட்டிக்கிட்டா, ஒரு மணி நேர அதிர்வுல அது எமரி பேப்பர் வேலை பார்க்கும். கழட்டின வீலோட டிஸ்க் ஃப்ரேம் பக்கம் திரும்பி இருக்கக் கூடாது.

கட்டாமலும் விடாதீங்க. 8 கிலோ சைக்கிள் சடன் பிரேக்ல ஆறேழு கிலோ விசையோடதான் முன்னாடி தள்ளும், பெருசு இல்ல. ஆனா லாரி பின்னாடி போய் மோதினா 20 ஜி வந்தாலே அது 160 கிலோ, அதுவும் டிரைவர் தலைக்குப் பின்னாடி. கட்டுறது வீல்லயும் சேடில் கம்பியிலயும் இருக்கட்டும். லோடு லாரியில பார்க்கிற ராட்செட் பெல்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், ரெண்டு இழுப்புல குழாயை நசுக்கிடும். நம்ம ரேஸ் கார் டீம்காரங்க கார்பன் பாடியை டாடா ஏஸ்ல ஏத்தும்போதும் இதே கதைதான், நண்பர்களே.

ரேக் வாங்கியே ஆகணும்னா டயரைப் பிடிக்கிற மாடல் வாங்குங்க. டாப் டியூபைக் கவ்வுற மாடல் கார்பனுக்கு ஆகாது. பின்பக்கம் மாட்டுற ரேக்ல இன்னொரு வில்லன் சைலன்சர். கார்பன் ரிம் அந்தச் சூட்டுப் புகைக்கு நேரா தொங்கினா பிசின் இளகிக் கெட்டுப் போகலாம். நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையக் கூடாதுங்கிறது தனி. கூரை ரேக்னா காரோட சேர்த்து உயரம் ரெண்டரை மீட்டர் வரும், அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நுழையிறதுக்கு முன்னாடி ஞாபகம் வெச்சுக்கோங்க.

வெயில் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, அவ்வளவு தேவையில்ல. மே மாசம் பூட்டின காருக்குள்ள 60 டிகிரி வந்தாலும், ஃப்ரேம்ல இருக்கிற எபாக்ஸி இளகுறது பொதுவா 100 டிகிரிக்கு மேலதான். பாதிக்கப்படுறது டயர். 27 டிகிரியில 80 பிஎஸ்ஐ அடிச்சா, 60 டிகிரியில அது 90 ஆயிடும். ஹூக்லெஸ் ரிம்மோட உச்ச வரம்பே 72.5 பிஎஸ்ஐ. அதனால ஏத்தும்போது காத்தைக் கொஞ்சம் குறைச்சுட்டு, இறக்கினப்புறம் அடிச்சுக்கோங்க.

இறக்கி மாட்டும்போது அவசரம் வேண்டாம். சீட் போஸ்ட் கிளாம்ப்ல 5 நியூட்டன் மீட்டர்னு போட்டிருந்தா அது 5-தான், "இன்னும் ஒரு திருப்பு" கிடையாது. சின்ன டார்க் ரெஞ்ச் ஒண்ணு காரிலேயே கிடக்கட்டும்.

வழியில ஏதாவது விழுந்திருக்கும்னு சந்தேகமா? அஞ்சு ரூபாய் நாணயத்தால அந்த இடத்தையும், எதிர்ப்பக்கம் அதே இடத்தையும் தட்டிப் பாருங்க. நல்ல கார்பன் 'டக் டக்'னு தெளிவா சத்தம் போடும், அடுக்கு பிரிஞ்ச இடம் 'தொப்'னு மந்தமா கேட்கும். வித்தியாசம் தெரிஞ்சா அன்னைக்கு ஓட்டாதீங்க. தட்டல்ல ஒண்ணும் கேக்கலைங்கிறதால முழுசா நம்பவும் முடியாது, பலமான அடின்னா கார்பன் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க. ஃப்ரேம் குழாயில விரிசல்னா, பழைய நாரைத் தேய்ச்சு எடுத்துட்டுப் புது அடுக்கு போட்டு ரிப்பேர் பண்ண முடியும். ஃபோர்க்னா ரிப்பேர் பேச்சே வேண்டாம், புதுசு மாட்டுங்க.