மனத்துள் எழுந்த கோயில்

பூசலார் நாயனாரின் வரலாற்றைக் கேளாத சைவ அன்பர்கள் இரார். திருநின்றவூரிலே கோயில் கட்டப் பொருள் தேடிக் கிடைக்காத அவ்வடியார், மனத்துள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து, இறைவனுக்கு ஆலயம் எழுப்பினார். காஞ்சியிலே கற்றளி அமைத்த மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, மறுநாள் அன்பனின் கோயிலுக்குள் புகவிருப்பதால், அவன் குறித்த நாளை மாற்றும்படி பணித்தார். மன்னன் தேடி வந்தபோது, ஊரார் எவரும் அப்படியொரு கோயிலைக் கண்டிருக்கவில்லை.

12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய இவ்வரலாறு, 2021இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலிலே மீண்டும் சொல்லப்படுகிறது. 1988இல் கொழும்பிலே பிறந்த அனுக் அருட்பிரகாசம் எழுதிய அந்நாவலின் பெயர் 'எ பாசேஜ் நோர்த்'. வடக்கு நோக்கிய ஒரு பயணம் எனப் பொருள் கொள்ளலாம். அவ்வாண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற ஆறு நூல்களுள் இதுவும் ஒன்றாகும்.

கதை மிகச் சிறியது. கொழும்பிலே வாழும் கிருஷான் என்னும் இளைஞனுக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. அவனுடைய அப்பம்மாவைப் பராமரித்து வந்த ராணி, வடக்கிலுள்ள தமது ஊரிலே கிணற்றில் விழுந்து இறந்துவிட்டார். ராணி தம் ஆண்மக்கள் இருவரையும் போரிலே பறிகொடுத்த தாய். இறுதிச் சடங்குக்காகக் கிருஷான் புகையிரதத்திலே வடக்கே போகிறான். சிதை எரிவதோடு நாவல் நிறைவெய்துகிறது.

2009இல் போர் முடிந்தபோது கிருஷான் இந்தியாவிலே படித்துக்கொண்டிருந்தவன். குண்டு எதுவும் அவன் தலைமேல் விழவில்லை. ஆயினும் படங்களையும் செய்திகளையும் ஒவ்வொன்றாகத் தேடி, மாண்டவர்களுக்கு மனத்துள்ளே ஒரு நினைவிடம் எழுப்புகிறான். பூசலார் கதை இங்குதான் பொருந்துகிறது. தூரத்திலிருந்து செய்தி கேட்டுக் கலங்கிய ஒவ்வொரு புலம்பெயர்ந்த குடும்பமும் இவ்விடத்தில் தன்னையே காணும்.

2021 சனவரி 8ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவரும் மக்களும் கிளர்ந்தெழுந்ததால், அது மீளக் கட்டப்பட்டு ஏப்ரலிலே திறக்கப்பட்டது. சில மாதங்களின் பின் வெளிவந்தது இந்நாவல். கல்லாலானதை ஓர் இரவிலே இடித்துவிடலாம். மனத்துள் எழுந்ததை இடிப்பதற்கு எந்த இயந்திரமும் இல்லை.

நூலிலே குறைகளும் உண்டு. உரையாடல் இல்லை, வாக்கியங்கள் பக்கக்கணக்கில் நீள்கின்றன. விறுவிறுப்பை நாடுவோர் பாதியிலே மூடிவைக்கக்கூடும். கிருஷானின் சிந்தனைகள் விரிந்த அளவுக்கு ராணியின் குரல் கேட்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்தத் தாயின் மௌனமே, நூலை மூடிய பின்னும் நெஞ்சை விட்டு அகலாதிருக்கிறது.

தமிழ் வாசிக்க இயலாத பிள்ளைகள் பல வீடுகளில் உள்ளனர். அவர்கள் இந்நாவலை ஆங்கிலத்திலே படிக்கலாம். படித்துவிட்டு, "அம்மா, பூசலார் யார்?" என்று கேட்பார்களாயின், பெரிய புராணத்தை எடுத்துக் கதை சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்காது. கதை முடிந்ததும் ராணியைப் பற்றி அப்பிள்ளை சொல்வதைப் பெற்றோரும் சற்று அமர்ந்து கேட்கட்டும்.